அத்தான் போட்ட பாட்டு

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அடக்கப் பூசை முடிந்து சவப்பெட்டியை வெளியே தூக்கும்போது பாடுவது ஒரே பாட்டுதான். பாட்டுப் புத்தகத்தில் அதன் எண் நூற்று நாற்பத்தேழு. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கும். அன்றைய பாட்டுகளின் எண்களை அதில் வரிசையாகச் செருகி வைப்போம். கடைசி வரிசையில் 147 இருந்தால் யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. எங்கள் கிள்ளானில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். செந்தூல், பெட்டாலிங் ஜெயா, பூச்சோங் என்று தமிழ்ப் பூசை நடக்கிற எல்லா இடத்திலும் இதே பாட்டுதான். சவ வண்டி ஓட்ட வரும் சீன அங்கிள் ஒருவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவர்கூட வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை முணுமுணுப்பார்.

இருபத்தாறு வருஷமாக இந்தக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன். பெட்டி வாசல் படியைத் தாண்டும்வரை வாசிக்க வேண்டும், தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும். அதுதான் வழக்கம். பாட்டுக்கு நான்கு சரணம். கோயில் சின்னது என்பதால் மூன்றாவது சரணத்தைத் தாண்டி நான் போனதே கிடையாது.

பாட்டை எழுதி மெட்டும் போட்டவர் என் அக்காவின் கணவர். அவர் என் அக்காவை அடித்தார். ஏழு வருஷம் அடித்தார். அவளுக்கு இடது காது கேட்காது. இதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்க எனக்குத் தெம்பு இல்லை, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். நான் எழுத வந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் அம்மா இறந்தபோது நடந்ததைப் பற்றி. அம்மா தன் பெட்டி போகும்போது இந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார். பெட்டிக்குப் பின்னால் நடந்து வரவேண்டியவள் அக்கா.

அத்தான் நல்ல மாதிரியான ஆள். இப்படிச் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனால் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத்துக் கோத்துக் கொடுக்கும் வேலை. தன்னைவிடப் பத்து வயது சின்னவனான என்னையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குடிக்க மாட்டார். குடித்திருந்தால் எங்களுக்கெல்லாம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! குடியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் பாட்டுக்கு இருந்திருப்போம். அவர் காப்பிக்கே சீனி போட மாட்டார்.

அவருக்கு ராகம் வரும், நோட்டு எழுத வராது. நான் சீன ஆன்டி ஒருவரிடம் பியானோ படித்து ஐந்தாவது கிரேடு முடித்தவன். ஆகவே புதுப் பாட்டு ஒன்று பிறந்தால் சனிக்கிழமை மத்தியானம் என்னை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கூப்பிடுவார். ஆர்மோனியத்தில் அவர் வாசிக்க, அக்கா பாட, நான் நோட்டு எழுதுவேன். அக்காவின் குரலுக்குத்தான் அவர் எல்லாப் பாட்டையும் போட்டார். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் வழுக்காத குரல் அவளுக்கு. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ரேடியோ கெட்டுப்போனால் யாரும் கவலைப்பட்டதில்லை.

நூற்று நாற்பத்தேழும் அப்படித்தான் பிறந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்றைக்கு அக்கா இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். என்ன என்று கேட்டதற்குக் குளிக்கும்போது தண்ணீர் போய்விட்டது என்றாள். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அத்தான் முதல் வரியை வாசித்தார். "என் கையைப் பார்க்காதேயும் ஆண்டவரே, உம் கையைப் பார்த்தே வருகிறேன்" என்று தொடங்கும். முதல் வரியிலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது வரி ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் இறங்கும். அந்த இடத்தில்தான் இன்றைக்கும் ஜனங்கள் அழத் தொடங்குவார்கள்.

அக்கா பாடினாள். அந்த இறக்கத்தில் சுருதி விலகியது. அத்தான் கையை எடுத்துவிட்டு, "பரவால்ல, மறுபடி பாடு" என்றார் மெதுவாக. மறுபடியும் விலகியது. மூன்றாம் முறையும் அப்படித்தான்.

"என்னக்கா, சுருதி சேரவே இல்ல? கல்யாணம் ஆனதும் காது கெட்டுப் போச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். அக்கா நான்காம் முறை பாடினாள். அப்போது சரியாக வந்தது, நான் நோட்டு எழுதிக்கொண்டேன்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதன்பிறகு அவள் மூன்று தடவை கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு துணிப்பை, முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் வைத்திருந்துவிட்டு அம்மா திருப்பி அனுப்பினார். கொண்டுபோய் விட்டது நான்தான், என் கஞ்சில் காரில். ஃபெடரல் நெடுஞ்சாலை முழுக்க அவள் ஒன்றும் பேச மாட்டாள். நானும் ரேடியோவைப் போட்டுவிடுவேன். இறங்கும்போது "பாத்துப் போ" என்பாள், ஏதோ நான்தான் ஆபத்தான இடத்துக்குப் போகிறவன் மாதிரி.

அம்மா கெட்டவர் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து எங்கள் இருவரையும் வளர்த்தவர். அவருக்கு அத்தானின் பாட்டுகள்மீது அசைக்க முடியாத நம்பிக்கை. அக்கா இரண்டாம் தடவை வந்தபோது அம்மா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"இவ்ளோ உருக்கமா ஆண்டவர பாடுற மனுசன், உள்ளுக்குள்ள கெட்டவரா இருப்பாராம்மா? நீதான் ஏதாச்சும் எதுத்துப் பேசியிருப்ப."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இந்தப் பாட்டைப் போட்ட விரல்கள் அப்படிச் செய்யுமா என்று நானும் யோசித்தேன். பாட்டை வைத்துத்தான் ஆளை அளந்தோம். இப்போது எல்லாரும் ஆள் வேறு, அவர் படைப்பு வேறு என்று பேசுகிறார்கள். பங்சாரில் காப்பிக் கடையில் உட்கார்ந்து இளம்பிள்ளைகள் இதை மணிக்கணக்காக விவாதிப்பதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டிருக்கிறேன். நாங்கள் அன்றைக்கு அப்படிப் பிரித்துப் பார்த்திருந்தால் அக்காவின் நான்கு வருஷம் தப்பியிருக்கும். பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தெரிந்த பிறகு, அதை எங்கள் வசதிக்குத்தான் பயன்படுத்திக்கொண்டோம்.

நான்காம் தடவை அவள் கிள்ளானுக்கு வரவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கிருந்து போலீசுக்கு, அங்கிருந்து பெண்கள் தங்கும் விடுதிக்கு, பிறகு செந்தூலில் ஓர் அறைக்கு. எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. காதைப் பற்றி டாக்டர் சொன்னதும் அப்போதுதான் தெரிந்தது. எப்போதோ கிழிந்தது, உடனே காட்டியிருக்க வேண்டும், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னாராம். அன்றிலிருந்து நான் அவளோடு நடந்தால் அவளுடைய வலது பக்கம்தான் நடப்பேன். அக்காவுக்காக நான் செய்த மாற்றம் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

பங்கில், அதாவது கோயில் ஜனங்கள் மத்தியில், அதைக் குடும்ப விஷயம் என்றார்கள். அத்தான் தொடர்ந்து பாடகர் குழுவை நடத்தினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போனார். ஐந்து பங்குகளிலிருந்து பாடகர்கள் வந்திருந்தார்கள். கடைசிப் பாட்டு 147. கீபோர்டு வாசித்தவன் நான். கேட்டார்கள், போனேன். அக்கா வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் கழித்துப் பாட்டுப் புத்தகத்தைத் திருத்தி அச்சடிக்கப் பங்குப் பேரவை கூடியது. ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் போட்டவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். வழக்கமாக வாயே திறக்காதவர்.

"அந்த ஆளு பேரப் போட்ட புக்கக் கையில வச்சிக்கிட்டு நான் எப்படி செபம் பண்றது?" என்றார். "அந்தப் பொண்ணு என் ஸ்டூடன்ட்."

பிறகு ஒருவர், பாட்டையே எடுத்துவிடலாமா என்றார். உடனே சத்தம். அப்புறம் செத்தவர்களுக்கு எதைப் பாடுவது, என் அப்பாவுக்கு அதைத்தான் பாடினோம், என் பிள்ளைக்கு அதைத்தான் பாடினோம், பாட்டு என்ன பாவம் செய்தது என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பு இல்லை. மோசமான பாட்டாக இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அது நல்ல பாட்டு. நான் வாசித்த எல்லாவற்றிலும் நல்ல பாட்டு அதுதான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதெல்லாம் பொய்.

வழி சொன்னவன் நான். பாட்டு இருக்கட்டும், பெயரை எடுத்துவிடலாம் என்றேன். எல்லா முகத்திலும் ஒரே நிம்மதி. ஆசிரியை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் தேநீரும் கறிபாப்பும் வந்துவிட்டன.

போட்டவர் பெயர் தெரியாத பழைய பாட்டுகளுக்குக் கீழே "பாரம்பரியம்" என்று போடுவது வழக்கம். 147க்குக் கீழேயும் அதையே தட்டினேன். நான் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் கஸ்டம்ஸ் பாரம் நிரப்புகிறவன். எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தை நிரப்பாமல் ஒரு பெட்டி துறைமுகத்தை விட்டு நகராது. நாள் முழுக்க அதே வேலை செய்கிற எனக்கு அன்றைக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அக்காவுக்கு நல்லது செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

புதுப் புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் செந்தூலுக்குப் போனேன். அக்கா இப்போது அங்கே ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறாள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை. வருகிறவர்கள் தன் வலது பக்கம் நின்று பேசும்படி மேசையைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். கிள்ளானுக்கு வரவேண்டுமென்றால் கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறவேண்டும், அதாவது பிரிக்பீல்ட்ஸின் நடுவயிற்றில். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட அந்த நிலையத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததில்லை.

புத்தகத்தை விரித்துக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பாரம்பரியம்னா?"

"பழைய பாட்டு, யாரு போட்டதுன்னு தெரியாதுன்னு அர்த்தம்க்கா."

"யாரு போட்டதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அவரு பேரு இருக்க வேணாம்னுதான…"

"முன்னாடி பேரு இருந்துச்சு. அதப் பாத்தா பத்துப் பேருல ஒருத்தராச்சும், ஆமா, இந்தாளு பொண்டாட்டிய அடிச்ச ஆளுன்னு நெனப்பாங்க. இப்ப அதுவும் இல்ல." கண்ணாடியைக் கழற்றினாள். "சுத்தமா கழுவிக் குடுத்துட்டீங்க லா. இனி சின்னப் புள்ளைங்க எல்லாம் யாரோ ஒரு மகான் போட்டதுன்னு நெனச்சிக்கும்."

அவள் எழுந்து மைலோ கலக்கினாள். கலக்கிக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்தப் பாட்ட எப்பப் போட்டாருன்னு தெரியுமா உனக்கு? காது போன வாரம். செவ்வாக்கெழம அடிச்சாரு. சனிக்கெழம நீ வந்து நோட்டு எழுதுன."

என் கையில் புத்தகம் இருந்தது. அதை மூடி மேசையில் வைத்தேன்.

"மன்னிப்பு என்கிட்டதான கேக்கணும்? என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஆண்டவர்கிட்ட கேட்டாரு. கையப் பாக்காதீங்கன்னு பாட்டா கேட்டாரு. அதையும் என்னையே பாடச் சொன்னாரு. அப்புறம் நீங்க எல்லாம் சேந்து அவருக்காகப் பாடிக்கிட்டே இருக்கீங்க, இருபத்திரெண்டு வருசமா. ஒரு மனுசனுக்கு இவ்ளோ பேரா மன்னிப்புக் கேப்பாங்க?"

"அக்கா, அன்னிக்கு நான் சுருதி சேரலன்னு…"

"ஆமா. சிரிச்ச. ஞாபகம் இருக்கு."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மைலோவில் பால் போதுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. வெட்கம்கூட ஷா ஆலம் தாண்டியபோது மரத்துவிட்டது. அடுத்த வாரமே ஒரு பெரியவருக்கு அடக்கப் பூசை. பலகையில் 147 இருந்தது, வாசித்தேன்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போய்க்கொண்டிருந்தார். போன வருஷக் கடைசியில் அதற்கும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். அம்மாவைக் குளிப்பாட்டுவாள், நகம் வெட்டுவாள், தலை சீவிவிடுவாள். இருவரும் அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு ஏன் திருப்பி அனுப்பினாய் என்று இவள் கேட்கவில்லை. தப்புச் செய்துவிட்டேன் என்று அவரும் சொல்லவில்லை. நடுவில் இருந்த நானும் எதையும் கிளறவில்லை. சீப்பில் சிக்கிய வெள்ளை முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்புவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் நற்கருணை கொண்டு வந்தார். சிரம்பான் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் ஃபாதர். எங்கள் பழைய கதைகள் எதுவும் தெரியாதவர். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபாதர், என் பெட்டி போறப்போ நூத்தி நாப்பத்தேழு. மறக்காம பாடச் சொல்லணும்."

"கண்டிப்பா பாட்டி," என்று அவர் போனில் குறித்துக்கொண்டார்.

அக்கா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் அவளுக்கு இடது பக்கம் இருந்தது. காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. அவள் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மூன்றாவது வாரம் அம்மா போய்விட்டார். நான் அழவில்லை. ஆஸ்பத்திரி பாரத்தை நிரப்பினேன், பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவர் பிறந்த எஸ்டேட்டின் பெயரைத் தப்பில்லாமல் எழுதினேன், பந்தல்காரருக்குப் போன் பண்ணினேன். வந்தவர்கள் என் தோளைத் தட்டி, பையன் எவ்வளவு தைரியமாக இருக்கிறான் என்றார்கள். உள்ளே எதுவும் அசையவில்லை என்பதுதான் உண்மை.

அடக்கத்துக்கு முதல் நாள் மத்தியானம் அக்கா சமையல்கட்டில் காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது பக்கமாகப் போய் நின்றேன்.

"அக்கா, நாளைக்கு அந்தப் பாட்டு… அம்மா கேட்டாங்க."

"தெரியும். கேட்டுச்சு."

"நீ வேணாம்னு சொன்னா நான் வாசிக்கல. வேற பாட்டு போடலாம்."

தண்ணீரை நிறுத்தினாள்.

"என்னை ஏன் கேக்குற?"

"நீதானக்கா சொல்லணும்."

"நான் வேணாம்னு சொன்னா அம்மாவோட கடைசி ஆசையக் கெடுத்தவ நானு. சரின்னு சொன்னா, அக்காவே சொல்லிட்டான்னு நீ நிம்மதியா வாசிப்ப. ரெண்டுலயும் உனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் என் தலையில." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னிக்குக் கார்ல ஏத்திக்கிட்டுப் போறப்போ என்னைக் கேட்டியா? இப்ப மட்டும் என்ன? கீபோர்டு உன்னோடது. நீயே முடிவு பண்ணு."

அவள் சொன்னது சரி. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முடிவு என் கைக்கு வந்திருந்தது. அம்மா கேட்டதா, அக்காவா? பதில் தெரியாத கேள்வி இல்லை அது. அம்மாவுக்கு இனிமேல் எதுவும் கேட்கப் போவதில்லை. அக்காவுக்கு ஒரு காது மிச்சம் இருக்கிறது. வாசிப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் கொஞ்சம் பசித்தது, போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பூசை. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், பலகையில் எண்களைச் செருகினேன். வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு. கடைசி வரிசையைக் காலியாக விட்டேன். அந்த நேரம் வந்ததும் இசையை மட்டும் ஏதாவது மெதுவாக வாசித்துக்கொள்ளலாம் என்று எண்ணம். கீபோர்டில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபாதர் உடுப்பு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், பாட்டி கேட்ட பாட்டு போர்டுல இல்லையே?"

நான் விரலைக் கட்டையிலிருந்து எடுத்தேன்.

"மறந்துட்டீங்களா? பாவம், நீங்க இன்னிக்கு வாசிக்க வந்ததே பெருசு." புத்தகத்தைப் புரட்டினார். "என்ன ஒரு பாட்டு இது! எங்க ஊருலயும் இதான் பாடுவோம். யாரு போட்டாங்கன்னே தெரியல பாருங்க. பாரம்பரியப் பாட்டுன்னா சும்மாவா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஃபாதர், அது பாரம்பரியம் இல்லை, அதைப் போட்டவர் என் அத்தான், அவர் இப்படிச் செய்தவர், என் அக்கா இப்போது வரப் போகிறாள். நான்கே வாக்கியம். அவர் நல்ல மனிதர், கேட்டிருப்பார். ஆனால் அந்த வார்த்தையைத் தட்டியது என் விரல். நான்தான் அழித்தேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு தூரம் போக எனக்குச் சோம்பலாக இருந்தது. சோம்பல் என்பதுதான் சரியான சொல்.

ஃபாதர் புன்னகையோடு காத்திருந்தார். நான் எழுந்து போய் எண் அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்று, நான்கு, ஏழு மூன்றையும் எடுத்துக் கடைசி வரிசையில் செருகினேன்.

அக்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு பூசை முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

கடைசி ஆசீர்வாதம் முடிந்து ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். நான் தொடங்கினேன். கோயில் முழுக்க ஒரே குரலாக எழுந்து பாடியது. என் கையைப் பார்க்காதேயும் ஆண்டவரே. என் விரல்களைப் பார்த்தேன். அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அக்கா பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். பீடத்தின் பக்கமிருந்து எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. இரண்டாவது வரி இறங்குகிற இடத்தில் அவளுடைய வலது கை மேலே போனது. உள்ளங்கையால் வலது காதை அழுத்தி மூடிக்கொண்டாள். இடது கை சும்மா தொங்கியது. தலை சுற்றுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் வந்த ஆன்டி ஒருவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு பாட்டைக் கேட்காமல் இருக்க மற்றவர்களுக்கு இரண்டு கை வேண்டும். அவளுக்கு ஒரு கை போதும்.

மூன்றாம் சரணத்தின் பாதியில் பெட்டி வாசல் படியைத் தாண்டியது. நிறுத்த வேண்டிய இடம் அதுதான். நிறுத்தினால் நான் எழுந்து வெளியே போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். நான்காவது சரணத்தைத் தொடங்கினேன். ஜனங்கள் ஒரு கணம் தயங்கிவிட்டு அதையும் பாடினார்கள்.

திறந்த கதவு வழியாக அவள் தெரிந்தாள். வெயிலில் சவ வண்டிக்குப் பக்கத்தில், காதிலிருந்து கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பாட்டு முடிந்தால் அவளுக்குக் கேட்காது. அதனால் சுற்றி நின்றவர்களின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லார் வாயும் மூடிய பிறகுதான் கையை இறக்கினாள். நான் வாசித்துக்கொண்டே இருந்ததால் அதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.